முயல் படம் போட்ட எண்ணெய்

எங்கள் ஆபீசில் என்னை 'ரூல்ஸ் அக்கா' என்று கூப்பிடுவார்கள். மரியாதைக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கேலி என்று பிறகுதான் தெரிந்தது. தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், ஒரு டீக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற கிளியரிங் ஏஜென்சி அது. சரக்கு கப்பலேறுவதற்கு முன்னால் என்னென்ன காகிதம் வேண்டும், எந்த நாட்டுக்காரன் எதற்கு முகம் சுளிப்பான் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. உப்பும் கருவாடும் நிலவாகை இலையும் போய்க்கொண்டிருந்த ஊரிலிருந்து கொஞ்ச காலமாக மருதாணிப் பொடி, சீயக்காய்ப் பொடி, கடற்பாசி போட்ட முகக்களிம்பு எல்லாம் போக ஆரம்பித்தன. மேக்கப் சாமான் என்று வந்தால் ஃபைல் நேராக என் மேசைக்கு வந்துவிடும். வேறு யாரும் தொட மாட்டார்கள்.

மற்ற சரக்குகளுக்கு நாட்டுக்கு நாடு வரிதான் மாறும். மேக்கப் சாமானுக்கு நியாயமே மாறிவிடும். ஐரோப்பாவில் விற்கிற முகக்களிம்பை எந்த மிருகத்தின் மேலும் பூசிச் சோதித்திருக்கக் கூடாது. சீனாவுக்குள் போகிற சில சாமான்களைச் சோதித்தே ஆகவேண்டும். முன்பு வெளியிலிருந்து வருகிற எல்லாவற்றுக்கும் அப்படித்தான் இருந்தது, இப்போது கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு பேச்சு. வளைகுடாக்காரர்கள் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா, சாராயம் இருக்கிறதா என்று கேட்பார்கள். சோதனையைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். நம் நாட்டில் மேக்கப் சாமானை மிருகத்தின் மேல் சோதிக்கவும் கூடாது, அப்படிச் சோதித்ததை வெளியிலிருந்து கொண்டுவரவும் கூடாது. ஆனால் அதே பொருள் மருந்து என்றோ, பெயிண்டில் கலக்கிற கெமிக்கல் என்றோ பெயர் வாங்கிக்கொண்டு வந்தால் அதற்கு வேறு சட்டம். இதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்குக் கோபம் வரும். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கண்ணுக்கும் தோலுக்கும் சோதிக்கிறவர்கள் பெரும்பாலும் முயலைத்தான் எடுப்பார்கள். கண் பெரிது, கண்ணீர் குறைவு, விட்ட மருந்து கழுவிக்கொண்டு போகாது, பிடித்தால் கடிக்கவும் தெரியாது. அதனால்தான் 'நாங்கள் வதைக்கவில்லை' என்று சொல்ல ஆசைப்படுகிற கம்பெனிகள் டப்பாவின் மேல் முயல் படம் போடுகின்றன. சில முயல்களுக்குப் பின்னால் ஓர் அமைப்பு இருக்கும். அது காகிதம் கேட்கும், குறுக்குக் கேள்வி கேட்கும். சில முயல்கள் பிரஸ்ஸில் டிசைன் போடுகிறவர் தன் இஷ்டத்துக்கு வரைந்தவை. 'குரூயல்டி ஃப்ரீ' என்ற வார்த்தைக்குப் பெரும்பாலான நாடுகளின் சட்டப் புத்தகத்தில் அர்த்தமே கிடையாது. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். வாங்குகிறவர்களுக்கு இது தெரியாது, விற்கிறவர்களும் சொல்லப் போவதில்லை.

இந்த முயல் என் தங்கச்சியின் வாழ்க்கைக்குள் வந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

அவளைப் பக்கத்திலிருக்கிற புதுக்கோட்டையில், அந்தப் பெரிய புதுக்கோட்டை இல்லை, தூத்துக்குடிப் புதுக்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தோம். டவுன் பஸ்ஸில் போய்விட்டு வருகிற தூரம். அவள் புருஷனுக்கு லாரித் தொழில். குழந்தை இல்லை, அவன் அடிப்பதற்குச் சொன்ன காரணமும் அதுதான். ஒரு நாள் காலையில் கைப்பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள், பார்க்காமல் போனது நல்லது.

பங்குச் சாமியார் முன்னால் பேச்சு நடந்தது. எங்கள் ஆட்களுக்கு எதுவும் சாமியார் முன்னால் நடந்தால்தான் நடந்த மாதிரி. அவன் திருந்திவிட்டதாகச் சொன்னான். பெரியவர்கள் அதை நம்ப ஆசைப்பட்டார்கள். இவள் தலையை நிமிர்த்தாமல், "நான் என் கால்ல நின்னுக்கிடுதேன் சாமி. ஒரு வருஷம் பாருங்க" என்றாள். அடுத்த மாதா திருவிழா முடிகிற வரைக்கும் யாரும் அவளைத் திரும்பிப் போ என்று சொல்லக்கூடாது, அதற்குள் அவள் நின்றுகொண்டால் நல்லது, இல்லாவிட்டால் மறுபடி உட்கார்ந்து பேசுவோம் என்று முடிவானது. மறுபடி பேசினால் என்ன பேசுவார்கள் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். என் வீட்டிலேயே இருக்கட்டும் என்று நான் சொன்னேன். என் வீட்டுக்காரர் அப்போது வாயைத் திறக்கவில்லை. அவர் வாயைத் திறக்காததை அவளும் கவனித்துவிட்டாள்.

அவளுக்குத் தெரிந்த கைவேலை ஒன்றுதான், எண்ணெய் காய்ச்சுவது. செம்பருத்தி, கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி, கொஞ்சம் வெந்தயம் போட்டுத் தேங்காயெண்ணெயில் காய்ச்சுவாள். பொறுமையாகக் காய்ச்சுவாள். என்னைப் போல அடுப்பைப் பெரிதாக வைத்துக் கருக்கிவிட மாட்டாள். பின்னால் ஒரு ஷெட் இருக்கிற வாடகை வீட்டைப் பிடித்தோம். லைசென்ஸுக்கு நான் அலைந்தேன். ஊருக்கெல்லாம் காகிதம் சரிபார்க்கிறவளுக்குச் சொந்தத் தங்கச்சிக்குச் செய்ய முடியாதா என்று ஒரு வீம்பு.

காயல்பட்டினத்து முதலாளி ஒருவர் எங்கள் ஆபீசுக்கு வந்து போவார். அவர்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நாங்களும் அவரைக் காக்கா என்று கூப்பிடுவோம். ஹாங்காங்கில் கடை வைத்திருந்தார். என் மேசையில் இருந்த பாட்டிலை எடுத்து முகர்ந்து பார்த்து, கொஞ்சம் உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, "சுத்தமான சாமான் தங்கச்சி, நம்ம கடையில வச்சுப் பாப்போமே" என்று ஒரு சின்னப் பெட்டி கொண்டுபோனார். அடுத்த தடவை வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "அங்க வார வெள்ளக்காரப் புள்ளைங்க பாட்டிலத் திருப்பித் திருப்பிப் பாக்குதுங்க. முயல் எங்கன்னு கேக்குதுங்க. அது இல்லாம வாங்க மாட்டாங்களாம்."

நான் நினைத்திருந்தால் பிரஸ்ஸில் சொல்லி அன்றைக்கே ஒரு முயலை வரைந்து ஒட்டியிருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் வருடக்கணக்கில் அடுத்தவர்களின் பொய் முயல்களைப் பார்த்துப் பல்லைக் கடித்தவள் நான். நம் முயல் நிஜ முயலாக இருக்கட்டும் என்று, காகிதம் கேட்கிற அந்த அமைப்புக்கே எழுதினேன். எண்ணெய்க்குள் போகிற ஒவ்வொரு பொருளையும், அதை நமக்குத் தருகிறவர் சோதிக்கவில்லை என்று எழுதி வாங்கச் சொன்னார்கள். தேங்காயெண்ணெய் செக்குக்காரர், "தேங்காய எதுக்குமா முயலுக்குக் கொடுக்கணும்?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மாட்டிக்கொண்டது வாசனைதான். தாழம்பூ வாசனை வரட்டும் என்று ஒரு சென்ட் கலந்துகொண்டிருந்தாள். அதை விற்கிறவருக்குப் போன் போட்டேன்.

"நாங்க டெஸ்ட் பண்ணலம்மா" என்றார்.

"உங்களுக்குத் தாரவங்க?"

"அவங்களும் பண்ணலன்னுதான் சொல்லுவாங்க. அவங்களுக்குத் தாரவன் எங்கயோ இருக்கான். அவன் பண்ணானான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் யாரைக் கேட்டாலும் தான் செய்யவில்லை என்றுதான் சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கும். எங்கோ ஒரு கூடத்தில் யாரோ செய்திருப்பார்கள். நான் சென்ட்டை நிறுத்தச் சொன்னேன். தங்கச்சிக்கு மனசில்லை. "வாசன இல்லாம எவ வாங்குவா?" என்று முனகிக்கொண்டே நிறுத்தினாள். எண்ணெய் வெறும் எண்ணெயாக மணத்தது. முயல் கிடைத்தது.

லேபிள் அடிக்கிற நாள் வந்தது. ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் தமிழ். 'குரூயல்டி ஃப்ரீ' என்பதைத் தமிழில் எப்படிப் போடுவது என்று யோசித்து, 'கொடுமையற்றது' என்று ஒரு தாளில் எழுதி அவளிடம் காட்டினேன். நல்ல தமிழ் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. அவள் வாசித்தாள். முதலில் புரியவில்லை. பிறகு சிரித்தாள்.

"என்னக்கா இது, கல்யாண ப்ரோக்கர் விளம்பரம் மாதிரி இருக்கு. கொடுமையற்ற மாப்பிள்ளை."

நானும் சிரித்தேன். இரண்டு பேரும் ஷெட்டில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். கொடுமை என்ற வார்த்தையை நம் வீடுகளில் யாரும் முயலுக்குச் சொல்வதில்லை. மாமியார் கொடுமை, புருஷன் கொடுமை, வரதட்சணைக் கொடுமை. சாமியார் முன்னாலும் அந்த வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார்கள், 'கொடும கிடும ஒண்ணும் இல்ல, குடும்பத்துல நடக்கதுதான்' என்று. எனக்கு மூளை இருந்திருந்தால் அதை எழுதியே இருக்க மாட்டேன். "வேண்டாம்ளா, தமிழ்ல ஒண்ணும் போட வேண்டாம், முயல் மட்டும் இருக்கட்டும்" என்றேன். தமிழ்ப் பக்கத்தில் எண்ணெயின் பெயரும் முயலும் மட்டும் நின்றன.

பெட்டிகள் ஹாங்காங் போயின. அங்கே நன்றாகத்தான் போனது. மிச்சமிருந்த பாட்டில்களைப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நாட்டுமருந்தும் ஃபேன்சி சாமானும் விற்கிற அண்ணாச்சி கடையில் வைத்தோம். சும்மா இருக்கட்டும் என்றுதான் வைத்தோம். அது போன வேகத்தை எங்களால் நம்ப முடியவில்லை. அண்ணாச்சி ஆள் விட்டு இன்னும் இன்னும் என்று கேட்டார். தங்கச்சி பெரிய உருளியாக ஒன்று வாங்கினாள். கரிசலாங்கண்ணி பறித்துக் கொடுக்க இரண்டு பெண்களை வைத்துக்கொண்டாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தபோது, இவள் தப்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்தப் பூசையில் நான் ஜெபித்ததாக நினைவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் காக்கா சீனாப் பேச்சை எடுத்தார். ஹாங்காங்கில் பார்த்த ஒருவர் இந்த எண்ணெயைச் சீனாவுக்குள் கடை கடையாக வைக்கலாம் என்கிறாராம். என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து காக்கா கேட்டார், "போகலாமா தங்கச்சி?"

போக முடியாது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. லேபிளின் இங்கிலீஷ் பக்கத்தில் 'முடி உதிர்வைத் தடுக்கும்' என்று போட்டிருந்தோம். அந்த வார்த்தை இருந்தால் அங்கே அது தனி வகைக்குள் போய்விடும், அந்த வகைக்கு மிருகச் சோதனை உண்டு. சோதித்த அன்றைக்கே முயல் போய்விடும். முயல் போனால் ஹாங்காங் போய்விடும். அந்த வார்த்தையை எடுத்துவிட்டால் வெறும் தலை எண்ணெய், அதற்குச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் விலக்குக் கேட்க, இந்தத் தொழிற்சாலை இன்ன தரத்தில் நடக்கிறது என்று அரசாங்கம் கொடுத்த சான்றிதழ் வேண்டும். ஷெட்டில் உருளி வைத்துக் காய்ச்சுகிறவளுக்கு அதை யார் கொடுப்பார்கள்? பெரிய கம்பெனிக்காரன் வதைக்காமல் இருக்க வழி வைத்திருக்கிறார்கள். சின்ன ஆளுக்கு அந்த வழி இல்லை. இதைக் காக்காவிடம் சொன்னபோது என் குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தங்கச்சியிடம் சொன்னேன். "விடுக்கா, சீனாக்காரிக்கு முடி கொட்டினா கொட்டட்டும். இங்கனயே நல்லா ஓடுதுல்ல" என்றாள்.

இங்கே ஓடியதற்கான காரணத்தைக் காக்காதான் கொண்டுவந்தார். ஒரு நாள் ஆபீசுக்கு வந்தவர் உட்காரவில்லை. முகம் ஒரு மாதிரி இருந்தது.

"தங்கச்சி, தப்பா நினைக்கக் கூடாது. ஒண்ணு கேக்கணும். எண்ணெயில என்ன போடுறீங்க?"

"உங்களுக்குத் தெரியாததா காக்கா? செம்பருத்தி, கறிவேப்பில..."

"ரத்தம் போடுறீங்களா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் வீட்டுப் பெண்கள் தூத்துக்குடிக்கு வந்த இடத்தில் அண்ணாச்சி கடையில் நம் பாட்டிலைப் பார்த்திருக்கிறார்கள். நம் வீட்டு எண்ணெய்தானே என்று எடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற ஒருத்தி, "நல்ல முயல் ரத்த எண்ணெய், எனக்கு நல்லாக் கேட்டுச்சு, முடி கொட்டுறது நின்னுட்டு" என்று சொல்லியிருக்கிறாள். வீட்டுக்குப் போனதும் இருந்த பாட்டிலையெல்லாம் கொட்டிவிட்டுத் தலைமுழுகிக் குளித்தார்களாம். ரத்தம் அவர்களுக்கு அசுத்தம், அது தலையில் இருக்கத் தொழ முடியாது.

முயல் ரத்தம் கலந்த எண்ணெய் தேய்த்தால் முடி கருகருவென்று வளரும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. திருவிழாக் கடைகளில் கூண்டுக்குள் முயலை வைத்துப் பக்கத்திலேயே பாட்டில்களை அடுக்கி விற்பார்கள். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் ஆபீஸ் முயலும் கடைத்தெரு முயலும் ஒரே முயல் என்று ஒரு தடவைகூட என் புத்தியில் ஏறவில்லை. தமிழ்ப் பக்கத்தில் விளக்கமாக ஒரு வார்த்தையும் இல்லாமல் முயலை மட்டும் ஒட்டி, தலைக்குத் தேய்க்கிற எண்ணெயில் ஒட்டி, தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் வைத்திருக்கிறோம். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரியும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க முடியாது.

அன்று மாலையே அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, முயல் ரத்தம்னு சொல்லியா விக்கிய?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. படத்தப் பாத்துட்டு முயல் எண்ணெயான்னு அவியளே கேக்காவ. ஆமான்னேன். முயலப் போட்டுட்டு முயல் இல்லன்னா எப்படி?"

"முயல ஒண்ணும் செய்யலங்கதுக்குத்தான் அண்ணாச்சி அந்தப் படம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒண்ணும் செய்யலன்னா அத எதுக்குப் போட்டிய? என் கடையில ஒருத்தரையும் நான் அடிக்கல. அதுக்குன்னு ஆள் படமா மாட்டி வச்சிருக்கேன்?"

 சேவல் படம் போட்ட தீப்பெட்டிக்குள் சேவலா இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். அது வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

ஒரு சீட்டு அடித்து ஒவ்வொரு பாட்டிலிலும் ஒட்டினோம். 'இந்த எண்ணெயில் முயல் ரத்தம் இல்லை. மிருகங்களை வதைக்காமல் செய்யப்பட்டது.' அடித்த கையோடு விற்பனை நின்றது. ரத்தம் என்று வாங்கியவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று பாட்டிலைக் கொண்டுவந்து அண்ணாச்சி முகத்துக்கு முன்னால் வைத்தார்கள். டூப்ளிகேட் முயல் எண்ணெய் என்று பெயர் வந்தது. ரத்தம் வேண்டாம் என்கிறவர்களோ, பாட்டிலில் 'முயல் ரத்தம்' என்ற எழுத்தைப் பார்த்ததும் அதற்குப் பிறகு உள்ள 'இல்லை'யை வாசிக்கவே நிற்கவில்லை. முயலை எடுத்துவிட்டு வேறு பெயரில் போட்டுப் பார்த்தோம். அலமாரியில் இருக்கிற மற்ற எண்ணெய்களோடு சேர்ந்து அதுவும் தூசி படிந்து நின்றது. வாசனைகூட இல்லாத எண்ணெயை யார் எடுப்பார்கள்?

காக்கா என் வார்த்தையை நம்பினார். நம்பினேன் என்று சொல்லவும் செய்தார். "ஆனா எங்க ஊர்ல இனி இத யாருக்கும் விளக்க முடியாது தங்கச்சி. ரத்த எண்ணெய் விக்கிறவன்னு என் மேல பேச்சு வந்துரும்" என்றார். அடுத்த பெட்டி வேண்டாம் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. ஊர்க்காரர் கண் படாத சீனாவுக்கு வேண்டுமானால், சோதனைக்கு ஒத்துக்கொண்டு போகலாமா என்று யோசித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

திருவிழாவுக்குக் கொடியேறுகிற காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேலைக்கு வந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். தங்கச்சி பழையபடி மெலிய ஆரம்பித்தாள். அப்போதுதான் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுவிட்டார். கெட்ட மனிதர் கிடையாது. அவள் கதை அவருக்கும் தெரியும்.

"பாவம் அந்தப் புள்ள. நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. நிஜமாவே முயல் ரத்தத்தப் போட்டுக் காய்ச்சச் சொல்லுங்க. கேக்க ஆள் நிக்கி. சாத்தாங்குளம் பக்கத்துல முயல் வளக்கவன் இருக்கான், நான் வாங்கித் தாரேன். எம்புட்டுப் போட்டாலும் நான் எடுத்துக்கிடுதேன்."

நான் கோபப்படவில்லை. காட்டு முயலைத் தொட்டால்தான் குற்றம், கறிக்கு வளர்க்கிற முயலுக்குத் தடையில்லை. அந்த ரூலையும் அன்று மத்தியானமே பார்த்துவைத்துவிட்டேன். எத்தனையோ நாட்டுச் சட்டத்தைத் தலைக்குள் வைத்துக்கொண்டு முயலுக்காகப் பல்லைக் கடித்தவள், தங்கச்சியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றதும் ஒரு மத்தியானத்துக்குள் மாறிவிட்டேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. எனக்கு அவள் முக்கியம்.

அண்ணாச்சி அட்டைப்பெட்டியில் ஒரு முயலை அனுப்பினார். வெள்ளை முயல். மறுநாள் ஆபீஸ் விட்டு ஷெட்டுக்குப் போனேன். பெட்டிக்குள் கீரை கிடந்தது. முயல் தின்றுகொண்டிருந்தது. அதற்கு அடுத்த நாளும் தின்றுகொண்டிருந்தது. அப்புறம் போனபோது அது பெட்டிக்கு வெளியே, அவள் காலடியில் உட்கார்ந்திருந்தது.

"ஏளா, என்ன செய்யலாம்னு இருக்க?"

"முடியலக்கா."

"நீ அறுக்க வேண்டாம். கறிக்கடையில அறுக்கட்டும். ரத்தம் மட்டும் இங்கன வரட்டும். நாமளா செய்யோம்?"

"நமக்காகத்தான செய்வான்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த பையை வீசினேன். "எந்த ஊர்லயோ எவளோ உதட்டுல பூசுறதுக்கு எத்தனையோ முயலுக்குக் கண்ணு போகுது. நீ இந்த ஒண்ண விட்டா அதெல்லாம் எந்திரிச்சு வந்துருமா? ஒரு முயல். அதுவும் கறிக்கு வளத்தது. அதுக்காக நீ போய் அவங்கிட்ட அடி வாங்கப் போறியா?"

அவள் குனிந்து முயலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கை அதன் கழுத்தைச் சுற்றி இருந்தது.

"கத்தி எடுத்துட்டு வந்தேங்க்கா. இந்தா இப்படித்தான் புடிச்சேன். இதுக்குச் சத்தம் போடத் தெரியல. பாத்துக்கிட்டே இருக்கு. கொஞ்சம் கத்துனாலாவது செஞ்சிருப்பேன்."

நான் அதற்குப் பிறகு அவளிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. காக்காவுக்குப் போன் போட்டுச் சீனாவுக்கே போகலாம், சோதிக்கட்டும் என்று சொல்லலாமா என்றும் நினைத்தேன். அங்கேயும் அதே முயல்தான், அவள் கண்ணில் படாது, அவ்வளவுதான். அவளிடம் கேட்டேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். முதல் முதலில் லேபிளில் முயல் போட வேண்டும் என்று அடம்பிடித்தது நான். அப்போது அவளுக்கு அது வெறும் படம்.

திருவிழா முடிந்தது. மறுபடி உட்கார்ந்து பேசினார்கள். அவன் இந்தத் தடவை அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தான், யார் பேசினாலும் தலையாட்டினான். அவள் கடனில்லாமல் நிற்கிறாளா, அடுத்த மாத வாடகைக்கு என்ன வழி என்று பெரியவர் ஒருவர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கோயில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவளைத் திட்டவில்லை, எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். சாமியார் இரண்டு பேர் தலையிலும் கை வைத்து ஜெபித்தார்.

ஷெட்டைக் காலி பண்ணினோம். உருளியை அவள் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோகவில்லை, என் வீட்டில் வைத்துவிட்டாள். முயலை அண்ணாச்சியிடம் திருப்பிக் கொடுக்கும்போது, அதற்கு முட்டைக்கோஸ் பிடிக்காது, கீரைதான் போடணும் என்று அவரிடம் சொன்னாள். சரிம்மா என்று வாங்கி வைத்தார். அதைக் கறிக்குக் கொடுத்துவிட்டதாக அப்புறம் என்னிடம் சொன்னார். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

ஆபீசில் மேக்கப் ஃபைல்கள் இப்போதும் என் மேசைக்குத்தான் வருகின்றன. ஒவ்வொரு நாட்டுக்கும் அது கேட்கிற காகிதத்தை அடுக்கி அனுப்புகிறேன். கோபமெல்லாம் வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவளுக்குப் போன் போடுவேன். "எப்படிளா இருக்க?" என்று கேட்பேன். "நல்லா இருக்கேங்க்கா" என்பாள். கல்யாணமாகிப் போனதிலிருந்து கைப்பையோடு என் வாசலில் வந்து நின்ற நாள் வரைக்கும், கேட்டபோதெல்லாம் இதே பதிலைத்தான் இதே குரலில் சொல்லியிருக்கிறாள். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது, நம்பினேன். இப்போது தெரியும். தெரிந்துகொண்டே, "சரி, சாப்ட்டியா?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறேன்.